உப்புப் பார்த்தது யார்?

பொம்பில் மீனின் ருசியை ஆனி சொல்லக் கேட்டால், மீனே தொடாதவருக்கும் வாயில் நீர் ஊறும்.

"மேல ரவை மொறுமொறுன்னு உடையும். உள்ள வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போகும். முள்ளே தெரியாது. ஆறவிடாதீங்க, ஆறினா துவண்டு போயிடும்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே சுற்றுலா வந்த ஆறு பேருக்கும் தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. உள்ளே படகுகள் வந்து, ஏலம் முடிந்து, கூடைகள் வெளியேறத் தொடங்கியிருந்தன. ஈரப் புடவையை இழுத்துச் செருகிய கோலி மீனவப் பெண்கள் தலையில் மீனும் வாயில் வசவுமாக டெம்போக்களை விலக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடமாக இந்தத் துறைமுகத்தில் இதே கூச்சல்தான் என்று ஆனி ஒவ்வொரு குழுவிடமும் சொல்வாள். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, காலடியில் ஓடும் ஐஸ் தண்ணீரிலிருந்து செருப்பைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

"நீ சாப்பிடலையா, பேட்டி?"

மகளே என்று இந்தியில் கூப்பிட்டுக் கேட்டவள் நுஸ்ரத். ஐதராபாத்திலிருந்து வந்தவள், அறுபதைத் தாண்டியவள். அவளுக்கு எல்லாவற்றையும் பார்க்கும் கண். பார்த்ததை உடனே கேட்டுவிடும் வாய்.

"நான் தினமும் சாப்பிடறவதானே ஆன்ட்டி. இன்னிக்கு உங்க முறை."

பொய். ஆனி மீனை வாயில் வைத்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தையும் மீன் கடைகளையும் சுற்றிக் காட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவள், பழைய ருசியின் ஞாபகத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

மாகிம் மாதா கோயிலில் புதன்கிழமை தோறும் நவநாள். ஒன்பது புதன் தொடர்ந்து போய், நடுவில் பிடித்தமான ஒன்றை விட்டுவிடுவதாகப் பொருத்தனை செய்துகொண்டால் மாதா கேட்டதைத் தருவாள் என்று நம்பிக்கை. ஆனி மீனை விட்டாள். உவரிக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய காணிக்கை வேறு கிடையாது. இரண்டு விதிகள். பொருத்தனையை நடுவில் முறித்தால் கேட்டது கிடைக்காது. கேட்டது கிடைக்கும் வரை வெளியே சொல்லவும் கூடாது.

அவள் கேட்டதன் காரணம் வேனுக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்தது.

"சலோ ஆனி, தாராவி போய்ச் சேர நேரமாகும். ட்ராஃபிக் பார்த்தல்ல?"

ஏஞ்சலோ. இந்தச் சுற்றுலாக் கம்பெனியின் வேன் ஓட்டுநர். நாற்பது வயது. தாராவி சவாரிகளில் தமிழ் ஓரளவு பழகியவன். நவி மும்பை நெருளில் சொந்தமாக ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. அம்மா போன பிறகு தனியாள். போன மழைக்காலத்தில், சயான் பாலத்துக்கடியில் முழங்கால் தண்ணீரில் வேன் நின்றுபோன ஒரு மாலையில், கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். தண்ணீர் வடிந்த பிறகு, "அத்தகிட்ட சொல்லணும்" என்றாள். 

அவனுக்கு அதுவே சம்மதம்தான். ஆனால் அத்தையிடம் இன்னும் சொன்னபாடில்லை.

அத்தை என்றால் தெரசம்மாள். ஆனியின் மாமியார். ஒரே மகன் சேசுராஜ் நான்கு வருடம் முன்பு நெஞ்சுவலியில் ஆபீஸிலேயே போய்விட்டான். விக்ரோலியிலிருந்து ஆனியின் அண்ணன் வந்து கூப்பிட்டபோது, "போறதுன்னா போ மக்கா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்று தெரசம்மாள் சொன்னாள். ஆனி போகவில்லை. அன்றிலிருந்து போவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. இரண்டு பெண்கள், ஒரு சம்பளம், சுவரில் அவன் படம். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்ற தெரசம்மாளுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மருமகள் வீடு திரும்பும் வரை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் காத்திருப்பாள்.

அந்த ஸ்டூலை நினைத்தால், சொல்ல வந்ததை ஆனி நாளைக்குத் தள்ளிப்போடுவாள். அவள் மாதாவிடம் கேட்டது கல்யாணத்தைக்கூட இல்லை. 'சொல்ல எனக்கு வாய் வர வேண்டும், தாயே. கேட்க அவளுக்கு மனசு வர வேண்டும்.' அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நவநாளுக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்துதான் போனார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான் முழங்காலிட்டார்கள். முழங்கால் வலியோடு அத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாக வாரம் தவறாமல் வருகிறாள் என்று ஆனி கேட்கவில்லை. கோயில் வாசலில் மெழுகில் செய்த கை, கால், தொட்டில், வீடு எல்லாம் விற்பார்கள். எதை வேண்டுகிறோமோ அதை வாங்கி வைக்க வேண்டும். தெரசம்மாள் மெழுகு வீடு ஒன்று வாங்கினாள். இடித்துக் கட்டப்போகும் தாராவியில் தங்களுக்கும் ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்று கேட்கிறாள்போல என்று ஆனி நினைத்துக்கொண்டாள். ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வேன் தாராவிக்குள் நுழைய முடியாத இடத்தில் நின்றது. அங்கிருந்து நடை.

இன்று முதல் தடவையாகச் சுற்றுலாவின் கடைசி நிறுத்தம் ஆனியின் வீடு. துறைமுகத்தில் காலை, வழியில் பொம்பில் வறுவல், பிறகு ஒரு தமிழ்க் கடற்கரைக் குடும்பத்தில் மதியச் சாப்பாடு. ஆனி கொடுத்த யோசனைதான். கம்பெனி ஒப்புக்கொண்டது. அத்தைக்கு ஒரு வேலை, வாரம் இரண்டு நாள் வீட்டில் நாலு பேர் குரல். தான் கல்யாணமாகிப் போன பிறகும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் தெருவைப் பார்க்க வேண்டியிருக்காது. இந்தக் கடைசிக் காரணத்தை ஆனி கம்பெனியிடம் சொல்லவில்லை.

தெரசம்மாள் கோயிலுக்குக் கட்டும் புடவையில் வாசலில் நின்றாள். இந்தி அவளுக்குக் காய்கறிக்கடைக்கு ஆகிற அளவு வரும். "ஆயியே, பைட்டியே" என்று ஆறு பேரையும் பாயில் உட்காரவைத்துவிட்டு, பின்னால் வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யாரு?"

"வேன் ஓட்டுறவரு அத்த. ஏஞ்சலோ. சொல்லிருக்கேன்லா?"

"சொன்ன சொன்ன. வண்டி ஓட்டுறான்னு சொன்ன." தெரசம்மாள் ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "உக்காருப்பா. பாய்ல எடமில்ல."

ஏஞ்சலோ அந்த ஸ்டூலில் விளிம்போடு உட்கார்ந்தான், முழுசாக உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்பது போல.

ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் சமையலறை. பெரிய பாத்திரத்தில் அயிலைக் குழம்பு. தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மாங்காய் போட்டு, மேலே எண்ணெய் மினுங்கி நின்றது. ஆனி வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

"இந்தா, உப்பு பாரு" என்று தெரசம்மாள் கரண்டியை நீட்டினாள்.

அந்த வீட்டின் முறை அது. அடுப்பில் நிற்கிறவள் உப்புப் பார்க்க மாட்டாள். ஆவியில் நின்ற நாக்குக்கு ருசி தெரியாது என்பது தெரசம்மாளின் கட்சி. ஆனி கல்யாணமாகி வந்த மறுநாள் கொடுக்கப்பட்ட முதல் வேலையே உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்ப்பதுதான். அவள் சொன்ன பிறகும், பாத்திரத்தை இறக்கும்போது தெரசம்மாள் கரண்டியின் நுனியை ஒரு நக்கு நக்கிவிட்டுத்தான் வைப்பாள். தன் கட்சியைத் தானே நம்பாதவள்.

ஒன்றரை மாதமாக அந்த வீட்டில் மீன் சமைத்தது குறைவு. ஆனி, "நாள் முழுக்க மீன் நாத்தத்துலதான் அத்த நிக்கேன், வீட்ல பருப்பு போதும்" என்றாள். தெரசம்மாளும் மறு பேச்சுப் பேசவில்லை.

ஆனி உள்ளங்கையில் சொட்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். கையை வாயருகே கொண்டுபோய், துப்பட்டாவில் துடைத்தாள். அத்தை எப்படியும் கரண்டியை நக்குவாள். குறை இருந்தால் தெரிந்துவிடும்.

"சரியா இருக்கு அத்த."

"சரின்னா எடுத்துட்டுப் போ. பாவம், பசியோட இருக்காங்க."

தெரசம்மாள் பாத்திரத்தை இறக்கினாள். கரண்டியைக் கழுவித் தட்டில் வைத்தாள். தட்டுகளை அடுக்கும் அவசரத்தில் ஆனி அதைக் கவனிக்கவில்லை.

முன்னறையில் சோறும் குழம்பும் போயின. அயிலை எந்தக் கடலில் எப்போது கிடைக்கும், மராத்தியில் அதன் பெயர் பாங்கடா என்றெல்லாம் ஆனி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு பேரும் முதல் கவளம் எடுத்தார்கள். ஒருவர் ஊறுகாய்ப் பக்கம் கை நீட்டினார். இன்னொருவர், "வாசனை ரொம்ப நல்லா இருக்கு" என்றார். வாசனையோடு நிறுத்திக்கொண்டார். ஏஞ்சலோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், யாரோ பந்தயம் வைத்தது போல வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நுஸ்ரத் இரண்டாவது கவளத்தை மென்று விழுங்கினாள்.

"பேட்டி, மசாலா அருமை. மீன் அருமை. உப்பு மட்டும் தனியாத் தருவீங்களா? உங்க பக்கம் அதுதான் வழக்கமா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் ஆனியைக் கொன்றது.

தடுப்பின் ஓரத்தில் நின்ற தெரசம்மாளுக்கு முழுசாக மொழி புரியாவிட்டாலும் உப்பைச் சொல்லும் 'நமக்' புரிந்தது. நேராக வந்தாள். குழம்புப் பாத்திரத்தைத் தூக்கினாள். கண்ணால் ஆனியை உள்ளே கூப்பிட்டாள். "தோ மினிட்" என்று விருந்தாளிகளிடம் சொன்னாள்.

அடுப்பு மறுபடி எரிந்தது.

"ஏட்டி, நீ உப்பு பாத்தேல்லா?" தெரசம்மாள் குரலை உயர்த்தவில்லை.

ஆனி உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"காலைலயிருந்து கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து வீட்டு முத்துமாரி வேற வந்து, 'என்னக்கா, வெளியூர்க்காரங்களாமே'ன்னு வாயக் கிளறிட்டே நின்னா. உப்பு போட்டேனா இல்லியான்னே ஞாபகம் இல்ல. சரி, நீ பாக்கத்தான போறன்னு இருந்துட்டேன். சரியா இருக்குன்ன."

"நீங்க கரண்டிய நக்குவீங்கன்னு நெனச்சேன் அத்த."

"நானா?"

"எப்பவும் நக்குவீங்கல்லா? நான் சொன்னதுக்கு அப்புறமும்."

தெரசம்மாள் திரும்பிக் கழுவி வைத்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு ஆனியின் துப்பட்டாவைப் பார்த்தாள். அதில் மஞ்சளாக ஒரு துளி குழம்புக் கறை.

"நீ வாயிலயே வைக்கல."

"நீங்களும் வைக்கல."

வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"நவநாளா?" என்றாள் தெரசம்மாள்.

"ஆமா."

"மீனயா விட்ட?"

"ஆமா. நீங்களும் மீனத்தானா?"

"பின்ன? காப்பிய விட்டா மாதாவுக்கு என்ன மதிப்பு?" தெரசம்மாள் சுவரில் சாய்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அதான பாத்தேன். மீன் வேண்டாம், பருப்பு போதும்னு நீ சொன்னப்பல்லாம் எனக்குச் சொகமா இருந்துது. ஏதோ மாதாவே உன் வாயில வந்து பேசுதான்னு நெனச்சேன்."

ஆனிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியை நினைத்ததும் போய்விட்டது. ஆனால் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு அத்த? வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"இடிச்சிட்டுத் தருவாங்களே, அந்த..."

"அது கெடைச்சா கெடைக்குது, இல்லன்னா போகுது." தெரசம்மாள் அடுப்புத் தீயைக் குறைத்தாள். "இந்த வீடு இப்படியே இருக்கணும்னு கேட்டேன். இதுல நீ இருக்கணும்னு கேட்டேன். மழ விட்டதுலயிருந்து ஒனக்குப் போன் வந்தா வெளிய போய்ப் பேசுத. வேன்ல எல்லாரயும் எறக்கிட்டு ஒன்னயக் கடைசியா எறக்குதான். ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கவளுக்கு இதுகூடவா தெரியாது? நீ போயிரக்கூடாதுன்னு கேட்டேன் மக்கா. அதான் வீடு வாங்கி வச்சேன்."

ஆனி கீழே உட்கார்ந்துவிட்டாள். ஏழு புதன். ஒரே பெஞ்சு. ஒரே மாதாவுக்கு முன்னால், முழங்கை உரச.

"நீ என்ன கேட்ட?"

சொல்லக் கூடாது. கிடைக்கும் வரை சொல்லக் கூடாது. ஆனால் இனி சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம்?

"ஒங்ககிட்ட சொல்ல வாய் வரணும்னு கேட்டேன். அவர் கேட்டு அஞ்சு மாசமாகுது. ஒங்களயும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. நீங்க வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

"வரமாட்டேன்தான். மருமவ புருசன் வீட்டுல நான் யாரா இருக்க?"

"அதனாலதான் சொல்லல. நீங்க சரின்னு சொல்லாம நான் எங்கயும் போகல அத்த. வேண்டாம்னா வேண்டாம்."

"இப்பச் சொல்லிட்டேல்லா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப ஒனக்குப் பாதி கெடச்சாச்சு." தெரசம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பாவம் அந்த மாதா. ஒரே சமையக்கட்டுலருந்து ரெண்டு மனு. யாருக்குன்னு குடுப்பா?"

தடுப்புக்கு அப்பாலிருந்து ஏஞ்சலோவின் குரல் வந்தது. "ஆனி, என்ன லோச்சா? ஏதாவது சிக்கலா? கடையில போய் எதாவது வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம், உக்காருங்க" என்றாள் ஆனி. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

தெரசம்மாள் ஒரு டம்ளரில் கல்லுப்பை அள்ளிப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கரைத்தாள். குழம்பில் கொஞ்சம் ஊற்றினாள். மீன் உடையாமல் பாத்திரத்தைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட்டாள். கொதித்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனவள் நிறுத்தினாள்.

"எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? யாராவது பாத்துத்தான் ஆகணும்."

அவ்வளவுதான் விஷயம். ஆறு பேர் காத்திருக்கிறார்கள். உப்பு கூடிப்போனால் குழம்பு மொத்தமும் போச்சு. வீட்டில் நாக்குகள் இரண்டு. இரண்டும் பொருத்தனையில். முன்னறையில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அது இருவருக்குமே தோன்றியது. இருவரும் சொல்லவில்லை.

ஆனி கையை நீட்டினாள். "குடுங்க அத்த. நான் பாக்கேன். நான் முறிச்சிருதேன்."

உள்ளங்கை விரிந்திருந்தது. தெரசம்மாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை மெல்ல மடக்கி ஓரமாகத் தள்ளினாள்.

"நீ சும்மா இரு. ஒனக்கு இன்னும் ரெண்டு புதன் பாக்கி இருக்கு."

கரண்டியில் குழம்பை எடுத்தாள். ஊதினாள். தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பக்கத்தில் இருந்த மகனின் படத்தின் பக்கமும் பார்த்தாள். நக்கினாள்.

ஆனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு மடக்கு ஊத்தலாம்" என்றாள் தெரசம்மாள். ஊற்றினாள். மறுபடி எடுத்து நக்கிப் பார்த்தாள். "இப்பச் சரி. எடுத்துட்டுப் போ. மூஞ்சியத் தொடச்சிட்டுப் போ."

இரண்டாவது முறை வந்த குழம்பில் பேச்சே நின்றுபோனது. நுஸ்ரத் மட்டும் இடையில் நிமிர்ந்து, "உள்ளே என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டாள். தலைத்துண்டு தனக்கே வேண்டும் என்று உரிமையோடு வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை தங்கையையும் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

தெரசம்மாள் கரண்டியோடு ஸ்டூல் பக்கம் போனாள்.

"ஏப்பா, முத தடவ ஒனக்கு உப்பு இல்லன்னு தெரியலயா?"

ஏஞ்சலோ வாயில் இருந்ததை விழுங்கினான். "தெரிஞ்சுது."

"பின்ன வழிச்சு வழிச்சுத் தின்ன?"

"மொத நாளே வந்து குறை சொன்னா நல்லா இருக்காதுன்னு..."

"இவகிட்டயும் இப்படித்தான் இருப்பியா? இருக்கது இருக்கு, இல்லாதது இல்லன்னு சொல்ல மாட்ட?"

அவன் தெரசம்மாளைப் பார்த்தான். ஆனியைப் பார்த்தான். ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. "இனிமே சொல்றேன்" என்றான்.

"சொல்லு. ஒழுங்கா உக்காரு மொதல்ல. அந்த ஸ்டூல் ஒன்னும் ஒடயாது."

விருந்தாளிகளை வேனுக்குக் கொண்டுபோய்விட்டு ஆனி திரும்பியபோது சந்தில் வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஸ்டூல் இல்லை. தெரசம்மாள் உள்ளே பாயில் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றில் சோறும் பருப்பும். அதை ஆனியின் பக்கம் நகர்த்தினாள். இன்னொன்றில் சோறும் அயிலைத் துண்டு ஒன்றும்.

"புதன்கிழமையானா மாகிமுக்கு வருவேல்லா? நெருள்லருந்து?"

"வருவேன் அத்த. ரயில் இருக்கு."

"வா. நானும் வருவேன். முட்டி வலிச்சாலும் வருவேன்."

தெரசம்மாள் மீனைப் பிட்டு, முள்ளை ஒதுக்கி, சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள். மெதுவாக, ரொம்ப நேரம் மென்றாள். விழுங்குவதற்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டியிருந்தது.

"நல்லா இருக்கா அத்த?"

"உப்பு சரியா இருக்கு" என்றாள் தெரசம்மாள்.